போர்முனைக்குப் போன வீட்டுக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப்பாய்கள் போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்கள் புத்தகங்களில் வந்திருக்கின்றன, கண்காட்சிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடிதங்களுக்கு வீட்டிலிருந்து மனைவி என்ன எழுதினாள் என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. அந்தப் பாதியைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு உலகப் போர்களைப் பற்றியவை. இடையிடையே நம் ஊர் விஷயங்களும் வரும்.

உறையில் ஊர்ப் பெயரே எழுத மாட்டார்களாமே, பிறகு எப்படிப் போய்ச் சேரும்?

கணவர் எங்கே இருக்கிறார் என்பதே ராணுவ ரகசியம். மனைவிக்குத் தெரிந்தது அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அவ்வளவுதான். அதை உறைமேல் எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டியது. எந்தப் பிரிவு இன்று எங்கே நிற்கிறது என்ற கணக்கு ராணுவ அஞ்சல் துறையிடம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்திலக்க எண் ஒன்றைக் கொடுத்தது. பெயரும் அந்த எண்ணும் இருந்தால் கடிதம் ரஷ்யாவுக்கும் போகும், வட ஆப்பிரிக்காவுக்கும் போகும்.

இந்தியாவிலும் இதே முறைதான். ராணுவத்தில் ஆள் இருக்கிற வீட்டில் '56 ஏ.பி.ஓ.' (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்) என்பது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கொல்கத்தா வழி. பின்கோடு 9-ல் தொடங்கும். அவர் லடாக்கில் பனியில் நின்றாலும் ராஜஸ்தான் மணலில் நின்றாலும் உறைமேல் எழுதுவது மாறாது. முகவரி மாறவில்லை, அதனால் ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

எத்தனை நாளில் கிடைக்கும்?

இடத்தைப் பொறுத்தது. முதல் உலகப் போரில் லண்டனில் போட்ட கடிதம் பிரான்ஸ் பதுங்குகுழிக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்காகவே லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் பெரிய மரக் கொட்டகை ஒன்றைக் கட்டினார்கள். சுமார் 5 ஏக்கர் பரப்பு, 2,500 பேர் வேலை, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் அங்கே பிரிக்கப்பட்டன.

கடல் கடந்து தூரமாகப் போகும் கடிதம் வேறு கதை. வாரக்கணக்கு, சில நேரம் மாதக்கணக்கு. கப்பல் மூழ்கினால் அதோடு சரி. வரும் கடிதமும் வரிசையாக வராது. அதனால்தான் கணவனும் மனைவியும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போடும் பழக்கம் பரவியது. 14-வது வந்துவிட்டது, 11-வதைக் காணோம் என்று எழுதிக்கொள்வார்கள். கோபத்தில் ஒரு கடிதமும் மறுநாள் வருந்தி இன்னொன்றும் எழுதினால் வருத்தம் முதலில் போய்ச் சேரும், கோபம் பத்து நாள் கழித்து வரும். நடுவில் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தபால்தலை வேண்டுமா?

பல நாடுகளில் சிப்பாய்க்கு வேண்டாம், மனைவிக்கு வேண்டும். அமெரிக்காவில் 1942 முதல் படையினர் அனுப்பும் சாதாரணக் கடிதங்கள் இலவசம். வீட்டிலிருந்து எழுதினால் 3 சென்ட். ஜெர்மனியில் இரு பக்கமும் இலவசம்.

மனைவி எழுதியதையும் யாராவது பிரித்துப் படித்தார்களா?

நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிரிட்டிஷ் படையில் கெடுபிடியெல்லாம் போர்முனையிலிருந்து வெளியே போகும் கடிதத்துக்குத்தான். சிப்பாயின் சொந்த அதிகாரியே உட்கார்ந்து படிப்பார். மனைவிக்கு எழுதும் அந்தரங்கத்தைக் காலையில் அணிவகுப்பில் சல்யூட் வைக்க வேண்டிய ஆள் படிக்கிறார் என்றால் எவ்வளவுதான் எழுத முடியும்? இந்த மனக்குறைக்காகவே 1915-ல் பச்சை உறை ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் போட்டால் தன் அதிகாரி படிக்க மாட்டார். தேவைப்பட்டால் பின்னால் தளத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் படிப்பார்.

சோவியத் நாட்டில் இரு பக்கமும் தணிக்கைதான். அங்கே உறைக்கும் தட்டுப்பாடு. எழுதிய தாளையே முக்கோணமாக மடித்து, ஒட்டாமல், மேலே முகவரி எழுதி அனுப்பினார்கள். தணிக்கையாளர் பிரித்துப் படித்து, முத்திரை குத்தி, திரும்ப மடித்துவிடுவார். ஒட்டாத கடிதம் அவருக்கும் வேலை மிச்சம்.

இந்தியச் சிப்பாய்களின் விஷயத்தில் நிலைமை இன்னும் கடுமை. 1914-ல் அவர்கள் பிரான்ஸில் இறங்கிய சில வாரங்களிலேயே இந்தியத் தபாலுக்கென்று தனித் தணிக்கை அலுவலகம் வந்துவிட்டது, பின்னர் புலோன் துறைமுக நகரில் இயங்கியது. போகும் கடிதமும் வரும் கடிதமும் அங்கே பார்க்கப்பட்டன. உருது, குர்முகி (பஞ்சாபி எழுத்து), இந்தி என்று வந்தவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாராவாரம் அறிக்கை அனுப்பினார்கள். மூலக் கடிதங்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. அந்த அறிக்கைகள் மட்டும் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி பிரான்ஸில் இருந்த கணவனுக்கு என்ன சொன்னாள் என்று நமக்குத் தெரிய வருகிறது என்றால், ஒட்டுக்கேட்டவர் குறிப்பெடுத்து வைத்ததால்தான். அவர் படிக்காமல் விட்ட கடிதத்தில் என்ன இருந்தது என்பது அவர்கள் இருவரோடும் போயிற்று.

ரகசியக் குறியீடு வைத்து எழுதினார்களா?

எழுதினார்கள், பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். பிரான்ஸிலிருந்து இந்தியாவுக்கு வந்த கடிதங்களில் கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று ஒரு பேச்சு வரும். கறுப்பு என்றால் இந்தியப் படை, சிவப்பு என்றால் வெள்ளையர் படை. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினால் நம் ஆட்கள் செத்து விழுகிறார்கள், யாரும் படையில் சேர வராதீர்கள் என்று அர்த்தம். பதுங்குகுழியில் உட்கார்ந்துகொண்டு மிளகு வியாபாரம் பேசுகிறவனைப் பார்த்துத் தணிக்கையாளருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தம்பதிகள் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். உறையில் மனைவி பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் வரும் இனிஷியலைக் கணவர் கடிதத்துக்குக் கடிதம் மாற்றி எழுதுவது, அவற்றைச் சேர்த்துப் படித்தால் இருக்கும் ஊர் தெரிவது என்று ஒரு வழி. கடிதங்கள் வரிசை தப்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உலகப்படத்தில் இல்லாத ஊரையெல்லாம் மனைவி தேடிக்கொண்டிருப்பாள்.

எழுதப் படிக்கத் தெரியாத மனைவி என்ன செய்வாள்?

வேறு யாராவது எழுதித் தருவார்கள். பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பையன், மாமனார். அந்தப் பக்கத்திலும் இதே கதை. கடிதம் கிடைத்ததும் எழுத்துத் தெரிந்த இன்னொரு சிப்பாய் உரக்கப் படிப்பார், சுற்றி நாலு பேர் கேட்பார்கள். மாமனார் எழுத, மருமகள் சொல்ல, மகன் கேட்க வேண்டிய கடிதத்தில் என்ன சொல்லிவிட முடியும்? இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களில் நலம் விசாரிப்பு நீளமாகவும் மனசு சின்னதாகவும் இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர்கள் கணக்கெடுக்க வேண்டும்.

சரி, மனைவிமார் என்னதான் எழுதினார்கள்? காதல் கடிதங்களா?

கொஞ்சம் காதல், நிறைய வீடு. இந்தக் கடிதங்களை முதல்முறை படிப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கூரை ஒழுகுகிறது, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, வாடகை கேட்டு வந்தார்கள், உன் தம்பி பேசுவதில்லை, மாடு சினையாக இருக்கிறது. இப்படியே பக்கம் பக்கமாகப் போகும்.

அவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். பதுங்குகுழியில் இருப்பவருக்குப் போரைப் பற்றிச் சொல்ல மனைவியிடம் எதுவும் இல்லை, அவருக்கும் கேட்க விருப்பமில்லை. தான் இல்லாமல் வீடு எப்படி நடக்கிறது என்றுதான் தெரிய வேண்டும். பார்க்காத குழந்தையின் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்புவார்கள். ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு கை. வளர்ந்திருப்பது தெரியும்.

இந்தச் சாதாரண விஷயங்களுக்குள்ளேயே ஒரு பெரிய மாற்றமும் ஒளிந்திருக்கிறது. பிரான்ஸைப் பாருங்கள். 1914 ஆகஸ்டில் ஆண்கள் அத்தனை பேரும் படைக்குக் கிளம்பியபோது அறுவடை நடுவில் நின்றது. பிரதமர் விவியானி, கிராமத்துப் பெண்களே அறுவடையை முடித்து அடுத்த விதைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகோள் விட்டார். சில மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த போர் நாலு வருஷம் நீண்டது. முதலில் மனைவி கேட்டு எழுதுவாள்: எந்த வயலில் எதைப் போட, குதிரையை விற்கலாமா. கணவர் பதுங்குகுழியிலிருந்து பதில் சொல்லுவார். ஆனால் விதைப்பு தபாலுக்குக் காத்திருக்காது. அப்புறம் அப்புறம், செய்துவிட்டுச் சொல்லும் கடிதங்கள் வருகின்றன. 'விற்கலாமா' என்பது 'விற்றேன்' ஆகிறது. அந்த ஒரு வினைச்சொல் மாறியதைப் பார்ப்பதற்காகவே இந்தக் கடிதங்களைத் தேதிவாரியாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பொறுக்கியெடுத்த நல்ல வரிகளின் தொகுப்பில் அது தெரியவே தெரியாது.

கஷ்டத்தை எழுதக் கூடாது என்று அரசாங்கமே சொன்னதாமே?

சொன்னது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் உணவுப் பஞ்சம் முற்றியபோது பெண்கள் பசியையும் கியூவையும் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கடிதங்களுக்குப் 'புலம்பல் கடிதம்' என்றே பேர் வைத்து, இப்படி எழுதிக் கணவரின் மன உறுதியைக் குலைக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு சந்தோஷமாக எழுது என்றால் என்ன செய்வது? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பத்திரிகைகளும் மலர்ச்சியாக எழுதும்படி மனைவிகளுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தன.

அதனால் 'இங்கே எல்லோரும் நலம்' என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம். அவர் 'நான் சுகம்' என்று எழுதிய அன்று குண்டு விழுந்துகொண்டிருந்தது. இவள் 'நலம்' என்று எழுதிய அன்று குழந்தைக்குக் காய்ச்சல் 104. இரண்டு பேரும் மற்றவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கடிதத்தைப் படம்பிடித்து அனுப்பினார்களாமே?

உண்மைதான். கப்பலில் இடம் போதவில்லை. பிரிட்டன் 1941-லும் அமெரிக்கா 1942 ஜூனிலும் இதைத் தொடங்கின. அமெரிக்கர்கள் இதை 'வி-மெயில்' என்றார்கள். அச்சடித்த ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சின்னஞ்சிறு படச்சுருளில் எடுத்து, சுருளை அனுப்பி, அந்தப் பக்கத்தில் மறுபடி அச்செடுத்துக் கொடுப்பார்கள். 1,50,000 கடிதத்துக்கு 37 மூட்டை தேவைப்பட்ட இடத்தில் ஒரே மூட்டை போதும் என்றானது. 2,575 பவுண்டு எடை 45 பவுண்டாக இறங்கியது.

ஆனால் கைக்கு வருவது மூலக் கடிதத்தில் கால்வாசி அளவு. பொடியாக எழுதுகிறவர்கள் பாடு திண்டாட்டம். புகைப்படமோ முடிக்கற்றையோ உள்ளே வைக்க முடியாது. மனைவியின் வாசனை ஒட்டிய காகிதம் அந்த வழியில் வராது. தாளில் லிப்ஸ்டிக் முத்தம் பதித்து அனுப்பினால் அது படமெடுக்கும் இயந்திரத்தில் ஒட்டி வேலையைக் கெடுத்துவிடும். அஞ்சல்காரர்களுக்கு அது பெரிய தலைவலியாக இருந்தது.

கடிதம் தேங்கிக் கிடந்ததாகப் படித்தேன்...

1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பிரித்துக் கொடுக்கப்படாத அமெரிக்கத் தபால் கிடங்கு கிடங்காகக் கிடந்தது. சுமார் 1 கோடியே 70 லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைச் சரிசெய்ய 6888-வது மத்திய அஞ்சல் பட்டாலியன் வந்தது. 855 பேர், அநேகமாக எல்லோரும் கறுப்பினப் பெண்கள். தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். ஆறு மாதம் கொடுத்தார்கள், மூன்று மாதத்தில் முடித்துவிட்டார்கள். மூன்று ஷிஃப்டு, ஷிஃப்டுக்கு 65,000 உருப்படி. வெறும் செல்லப்பெயர் போட்ட உறைகளும் இருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்களாம்.

போர்க்கைதியாகப் பிடிபட்டால்?

ஜெனீவா உடன்படிக்கைப்படி போர்க்கைதிகளுக்குப் போகும் கடிதத்துக்குத் தபால் கட்டணம் கிடையாது, செஞ்சிலுவைச் சங்கம் நடுவில் நின்று உதவியது. ஆனால் ஜப்பானிடம் பிடிபட்டவர்களுக்கு எழுதும்போது போரின் பிற்பகுதியில் ஒரு கடிதத்துக்கு 25 சொல் என்று வரம்பு வைத்தார்கள், அதையும் தட்டச்சு செய்ய வேண்டும், இல்லையென்றால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இந்தப் பதிலின் முதல் இரண்டு வாக்கியங்களே அந்த அளவைத் தாண்டிவிட்டன. வீட்டை, பிள்ளையை, உன் அம்மாவை எல்லாம் இதற்குள் அடக்கியாக வேண்டும்.

சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையில் ஜப்பான் படை போட்ட மரண ரயில் பாதையில் அந்தப் போர்க்கைதிகளுக்குப் பக்கத்திலேயே மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்களும் வேலை செய்தார்கள். அவர்கள் சிப்பாய்கள் இல்லை, கூலிகள். போர்க்கைதிகளுக்கான உடன்படிக்கையில் அவர்களுக்கு இடமே இல்லை. தோட்டத்து லயத்தில் (கூலிகளின் வரிசை வீட்டில்) காத்திருந்த மனைவிக்கு 25 சொல்லுக்குக்கூட முகவரி கிடையாது.

பிரிந்துபோகிறேன் என்று எழுதிய மனைவிகளும் உண்டா?

உண்டு. அமெரிக்கப் படையில் அதற்கு 'டியர் ஜான் கடிதம்' என்று பேரே வந்துவிட்டது. இந்தப் பேச்சில் எப்போதும் பெண்தான் வில்லி. வெளிநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட சிப்பாயின் கடிதத்துக்கு அப்படி ஒரு பேர் ஏனோ கிடைக்கவில்லை.

கணவர் இறந்த பிறகு போய்ச் சேர்ந்த கடிதங்கள் என்ன ஆகும்?

உறைமேல் 'போரில் மாண்டார்' என்று எழுதியோ முத்திரை குத்தியோ அனுப்பியவருக்கே திருப்புவார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனில் அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி வரும், சாதாரணச் சிப்பாய் இறந்தால் தபாலில் ஒரு படிவம் வரும். அந்தப் படிவத்துக்கு முன்னால் தன் கடிதமே திரும்பி வந்து விஷயத்தைத் தெரிந்துகொண்ட மனைவிகள் உண்டு. பிரிக்கப்படாமல் திரும்பிய அந்த உறைகள் பல குடும்பங்களில் பிரிக்கப்படாமலே இருக்கின்றன.

ஏன் மனைவிகளின் கடிதங்கள் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன?

வீட்டில் பெட்டி இருந்தது, பதுங்குகுழியில் இல்லை. அவர் எழுதியதை மனைவி நாடா கட்டிப் பத்திரப்படுத்த முடிந்தது. அவள் எழுதியதை அவர் சட்டைப்பையில்தான் வைக்க முடியும். மழை, சேறு, வியர்வை. மூட்டையில் கனம் கூடினால் முதலில் போவது பழைய கடிதம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டைக்குப் போகுமுன் மனைவியின் கடிதங்களை எரித்துவிடும் சிப்பாய்கள் பலர். செத்துப்போனால் எதிரி படித்துச் சிரிப்பானே என்ற கூச்சம்.

அதற்கு மேல் பெண்களே எரித்ததும் உண்டு. கணவர் பத்திரமாகத் திரும்பியதும், என் கடிதத்தில் என்ன இருக்கிறது, அடுப்பில் போடு என்று சொல்லியிருப்பார்கள். ஆவணக் காப்பகங்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தன. 'போர்க் கடிதம்' என்றால் போரில் இருந்தவன் எழுதியது என்றுதான் வாங்கி வைத்தார்கள்.

நம் இலக்கியத்தில் இந்தக் காத்திருப்பு இல்லையா?

முல்லைத் திணை முழுக்க அதுதான். தலைவன் பாசறையில் இருப்பான், கார்காலத்தில் வருவேன் என்று சொல்லியிருப்பான், தலைவி 'இருத்தல்' செய்வாள். கடிதம் இல்லாத காலம், செய்திக்கு என்ன வழி? விரிச்சி கேட்பார்கள். முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவித் தொழுதுவிட்டு நிற்பார்கள். யாரோ ஓர் இடைப்பெண் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று சொல்வது காதில் விழும். வேறு யாருக்கோ சொன்ன சொல்தான். அதைத் தலைவியிடம் வந்து நல்ல சகுனமாகச் சொல்லுவார்கள். தபால்காரர் அடுத்த வீட்டில் நிற்பதைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தவர்களுக்கு இது புரியும்.

வீட்டில் பழைய கடிதக் கட்டு இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். ரப்பர் பேண்ட், குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்னும். உறையைத் தூக்கிப் போடவே கூடாது. கடிதத்தில் இல்லாத தேதியும் படை அஞ்சலக எண்ணும் அதன் முத்திரையில்தான் இருக்கும். எண் குறிப்பதென்றால் ஓரத்தில் பென்சிலால் லேசாக. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் விரித்து வையுங்கள், முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

தாத்தா எழுதியவை மட்டும்தான் இருக்கின்றன. பாட்டி என்ன எழுதினார் என்று இனிமேல் தெரியவே தெரியாதா?

ஓரளவு தெரியும். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். வலது பக்கம் தாத்தாவின் வரி, இடது பக்கம் அதற்குப் பாட்டி என்ன எழுதியிருந்தால் இந்த வரி வந்திருக்கும் என்ற உங்கள் ஊகம். 'மாட்டை இப்போது விற்க வேண்டாம்' என்று அவர் எழுதினால், விற்கட்டுமா என்று பாட்டி கேட்டிருக்கிறார், கையில் காசில்லை. 'அம்மா சொல்வதை மனசில் வைக்காதே' என்றால் மாமியாரோடு ஏதோ நடந்திருக்கிறது. 'நீ அனுப்பிய படத்தில் இளைத்துவிட்டாய்' என்றால் படம் அனுப்பியிருக்கிறார். 'ஏன் மூன்று வாரமாகக் கடிதமே இல்லை' என்று அவர் கேட்கும் இடத்தில் இடது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, அந்த மூன்று வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று உயிரோடிருக்கும் பெரியவர் யாரிடமாவது கேளுங்கள். பிறப்போ சாவோ காய்ச்சலோ, ஏதாவது ஒன்று இருக்கும். சில நேரம் பாட்டி கோபத்தில் வேண்டுமென்றே எழுதாமல் இருந்திருப்பார்.

எல்லாவற்றையும் நிரப்ப முடியாது. ஆனால் பத்துக் கடிதம் தாண்டியதும் இடது பக்கத்தில் ஒரு குரல் வர ஆரம்பிக்கும்.